ஞாயிற்றுக்கிழமை ஒட்டும் கீ

கோயமுத்தூரிலேயே கூச்சம் அதிகமுள்ள மனிதர் யார் என்று போட்டி வைத்தால் எங்கள் ஓபோக்காரர்தான் ஜெயிப்பார். பரிசு வாங்க மட்டும் மேடையேற மாட்டார். காந்திபுரத்து லாட்ஜ் ஒன்றில் நான் மாத வாடகைக்கு இருந்தபோது அவர் எனக்கு எதிர் அறை. அவரைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. என்னை மட்டும் யார் தேடினார்களாம்!

ஓபோ என்பது நாதஸ்வரத்துக்குச் சீமையில் உள்ள தூரத்துச் சொந்தம். துளைகளை மூடித் திறக்க உடம்பெல்லாம் கீ. கிறிஸ்துமஸ் காலையில் சர்ச்சில் அவர் தனியாக ஒரு பாட்டு வாசிப்பார். அவர் பேரை நாலு பேர் சொல்வது வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான்.

ஞாயிறு சாயங்காலமானால் என் கதவைத் தட்டுவார்.

"ஏனுங்க, தூங்கறீங்களா? கீ ஒண்ணு ஒட்டுதுங்க. நீங்க பம்பு கம்பெனிக்காரரு, பாத்துச் சொல்லிப்போடுவீங்க."

"நான் அங்க கணக்கு எழுதறவனுங்க!"

"இருக்கட்டுங்க. கம்பெனி பம்பு கம்பெனிதானுங்களே!"

என் கட்டிலில் ஆபரேஷன் நடக்கும். நான் செல்போன் லைட் பிடிக்க, அவர் கீயின் அடியில் சிகரெட் தாளை வைத்து இழுப்பார். தாள் பிடித்துக்கொண்டால் கீயின் மெத்தையில் ஈரம். வழுக்கி வந்தால் கோளாறு கீயைத் தாங்கும் கம்பியில். பீடிகூடக் குடிக்காத மனுஷர் சிகரெட் தாளாக வாங்குவதைப் பார்த்துப் பெட்டிக்கடைக்காரர் என்னென்னவோ கற்பனை பண்ணி வைத்திருந்தார். கீயிடமும் அவருக்கு மரியாதைதான்: "கொஞ்சம் எந்திரிங்க சாமி, அவரு எத்தன நேரம் லைட்டப் புடிப்பாரு?" கம்பியைத் துடைத்து, டீ குடித்து, ராத்திரிச் சாப்பாடு வரை பேசிக்கொண்டிருப்பார். அடுத்த ஞாயிறு அதே கீ மறுபடி ஒட்டும். எழவெடுத்த கீ என்று நான் திட்டுவேன்.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையில் கதவைத் திறந்தால் வெளுத்த முகத்தோடு நிற்கிறார். மார்கழிக் குளிரில் கீ ஒன்றுகூட எழவில்லை. ஆராதனைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. கம்பியை நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக உறைந்து கிடந்தது தேங்காய் எண்ணெய்!

"இத ஆருங்க இதுல ஊத்துனது?"

"நான்தானுங்க. ஞாயித்துக்கெழமைன்னா கொஞ்சம் வுடுவனுங்க, பிசுக்குப் புடிச்சு ஒட்டறதுக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குன்னு ராத்திரியே வுட்டேன். கை தவறிக் கொட்டிப்போச்சு. குளிர மறந்துபோட்டனுங்க."

"ஒட்டறதுக்கா? எதுக்குங்க?"

"சோலி இல்லாம சும்மா வந்து கதவத் தட்டுனா... என்ன நெனப்பீங்களோன்னுங்க."

சூடாக டீ வாங்கி, டம்ளர் சூட்டை உள்ளங்கையில் ஏற்றி, ஆளுக்கொரு பக்கம் ஓபோவைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தோம். எண்ணெய் இளகத் துடைத்தோம். கீ ஒவ்வொன்றாக எழுந்தது. "எந்திரிச்சுட்டாங்க!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். அன்று சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு கீயும் ஒட்டவில்லை.

சாயங்காலம் நான் போய் அவர் கதவைத் தட்டினேன். "ஏனுங்க, என்ன சோலிங்க?" என்று பதறினார். "சும்மாதானுங்க" என்றேன்.

இப்போது மாற்றலாகி ஓசூரில் இருக்கிறேன். எதிர் வீட்டுக்காரரை லிப்டில் பார்ப்பதோடு சரி. ஞாயிறு சாயங்காலமானால் அந்தக் கதவைத் தட்டலாமா என்று வாசல் வரை போவேன். என்ன நினைப்பாரோ என்று திரும்பிவிடுவேன். என் கையில்தான் ஒட்டுகிற கீ ஒன்றும் இல்லையே, ஓபோக்காரரே.