மரவள்ளி அடைக்கு நடந்த பரீட்சை

பெத்ரா மான்சா நகராட்சி மன்றம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் கூடி, அவ்வூர் மக்கள் தங்கள் மண்ணில் விளைவதைத் தின்ன உரிமை உடையவர்கள் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அதுவரைக்கும் மக்கள் உரிமை இல்லாமலே தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் வந்து கேட்காததால் தப்பித்தார்கள்.

அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. பாயியா மாநிலத்தின் உள்ளே, மழை தனக்கு மனசு வந்தால் மட்டும் பெய்கிற அந்த ஊரில், மரவள்ளி அரைக்கும் மாவுக்கூடத்துப் பெண்கள் சங்கம் வருஷக்கணக்கில் தெருவில் நின்று வாங்கிய சட்டம் அது. சங்கத் தலைவி எரெனிசி. அவள் முன்னால் நின்று மேளம் கொட்டினாள், மற்றவர்கள் பின்னால் நின்று பதாகை பிடித்தார்கள். ஒருநாள் நகராட்சி வாசலிலேயே அடுப்பு மூட்டி, மரவள்ளி மாவில் பெய்ஜு அடை சுட்டுப் போராடினார்கள். மேயர் வெளியே வந்து, வெண்ணெய் தடவி நாலைந்து அடையை உள்ளே தள்ளிவிட்டு, கோரிக்கை தமது ஆழ்ந்த பரிசீலனையில் இருப்பதாக அறிவித்தார். அன்று அது உண்மையாகவே அவருக்குள் ஆழத்தில்தான் இருந்தது.

சட்டம் சொன்னது இதுதான்: பள்ளிக்கூடத்து மதிய உணவில் நல்லதொரு பங்கை உள்ளூர்ச் சிறு விவசாயிகளிடமே வாங்கவேண்டும். எரெனிசி இதைக் கேட்டதும் தன் பீன்ஸ் பாத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிலம் முழுக்க மரவள்ளி நட்டாள். சங்கத்துப் பெண்களையும் நடச் சொன்னாள்.

"எல்லா நிலத்துலயுமா அக்கா?" என்று கேட்டாள் ஜெனில்டா. எரெனிசியின் மகளுக்கு ஞானத்தாய் அவள். அடுத்த வீட்டுக்காரியும்கூட.

"சட்டமே வந்தாச்சு ஜெனில்டா. இனிமே என்ன பயம்?"

சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திராதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். மரவள்ளி பொறுமைசாலிக் கிழங்கு. மண்ணுக்குள் கொஞ்ச காலம் காத்திருக்கும். ஆனால் அதிகம் காக்கவைத்தால் நாராகிப்போகும், பிறகு ஆடுகூட மோந்து பார்க்காது. எரெனிசி சொன்ன ஒரே வார்த்தையை நம்பி அத்தனை வீட்டுச் சாப்பாடும் அப்போது மண்ணுக்குள் கிடந்தது.

கிழங்கு முற்றும் சமயத்தில் அவள் பள்ளி உணவுத் துறைச் செயலர் ஒஸ்மாரியோவைப் பார்க்கப் போனாள். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் 'நம் மண், நம் தட்டு' என்று தங்க எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார்.

"வாங்க எரெனிசியம்மா. உங்க சட்டம் பிரமாதம். நான் மனசார வரவேற்கிறேன்."

"வரவேற்பெல்லாம் இருக்கட்டும் ஐயா. அடையை எப்பக் கொண்டுவரட்டும்?"

"அதுக்கு முன்னால ஒரு சின்ன நடைமுறை. பள்ளிக்கூடத்துல புது உணவு எது குடுக்கறதா இருந்தாலும் பிள்ளைங்களுக்குப் பிடிக்குதான்னு பரீட்சை வைக்கணும். விதி அப்படி."

"எது புது உணவு?"

"உங்க அடைதான்."

எரெனிசி அவர் விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அதற்கான வசதியே இல்லை.

"ஐயா, உங்க அம்மா சந்தையில இதச் சுட்டு வித்துத்தான உங்களப் படிக்க வச்சாங்க."

"அது என் சொந்த வாழ்க்கை. அலுவலக முறைப்படி இந்த ஊர்ல யாரும் இதுவரைக்கும் பெய்ஜு சாப்பிட்டதாப் பதிவே இல்ல."

"இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

செயலர் வாயோரத்து வெண்ணெயைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் பதிவாகல."

"அப்ப இப்பப் பள்ளிக்கூடத்துல குடுக்கற பிஸ்கட்டு? அதுக்குப் பரீட்சை வச்சீங்களா?"

"பிஸ்கட்டு விதி வர்றதுக்கு முன்னாலேர்ந்து இருக்கு. அது பாரம்பரிய உணவு. அடை இப்பத்தான வருது? புதுசா வர்றவங்க கொஞ்சம் பொறுத்துத்தான் போகணும்."

"எங்கேயோ தெற்க இருக்கற ஆலையிலேர்ந்து லாரியில வர்ற சாமான் ஐயா அது."

"அதான் விஷயமே. அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றதால அதுக்கு வழியெல்லாம் சான்றிதழ் குடுத்திருக்காங்க. உங்க அடை பக்கத்துலயே கிடந்ததால யாரும் கேக்கல."

பரீட்சை என்னவென்றும் அவர் விளக்கினார். பிள்ளைகளுக்கு அடையைக் கொடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு தாளும் கொடுப்பார்கள். அதில் அழுத முகத்திலிருந்து சிரித்த முகம் வரைக்கும் வரிசையாக முகங்கள் இருக்கும். நூற்றுக்கு எண்பத்தைந்து பிள்ளைகள் சிரித்த முகத்தில் குறி போட்டுவிட்டால் அடை தேறிவிட்டதென்று அர்த்தம்.

எரெனிசிக்கு உயிர் வந்தது. நம் பிள்ளைகள்தானே, பால் மறந்த நாளிலிருந்து அடை தின்று வளர்ந்ததுகள்தானே என்று லேசாக வீடு திரும்பினாள்.

அன்று மாலையே சங்கம் கூடியது. துணி விரிக்காமல் அங்கே எந்தக் கூட்டமும் தொடங்காது. தரையில் பூப்போட்ட துணி, அதன்மேல் வட்டமாக விதைகள், உம்புப் பழங்கள், மண்குடத்தில் தண்ணீர், எல்லாவற்றுக்கும் நடுவில் வட்டமான பெரிய அடை ஒன்று. சுற்றி நின்று கைகோத்து மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் உருகிப் பாடுவார்கள். துணியில் வைத்ததை யாரும் தொடமாட்டார்கள். பாட்டு முடிந்ததும் இடைவேளையில் பிஸ்கட்டும் குளிர்பானமும் வரும். அடை சுடலாமே என்று கேட்கலாம். பெண் விடுதலை பேச வந்த இடத்தில் எந்தப் பெண் அடுப்படியில் நிற்பாள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அதில் நியாயம் இருந்தது.

தலைநகரிலிருந்து சங்கத்துக்கு ஆலோசனை சொல்ல வரும் எலோயிசாவும் அன்று இருந்தாள். அவள் காதில் தொங்கிய விதைகளை விதைத்தால் ஒரு ஏழைக் குடும்பம் ஒரு பருவம் பிழைக்கும். தலைநகரின் உணவகங்களில் இப்போது இதே அடையை விரலகலத்துக்கு வெட்டி, ஆட்டுப்பால் நுரை ஊற்றி, 'வறண்ட நிலத்தின் நினைவு' என்று பெயரிட்டு விற்கிறார்கள் என்றும், பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்றும் அவள்தான் வந்து சொன்னாள்.

"பிள்ளைங்கள நாம தயார்படுத்தணும்," என்றாள் எலோயிசா. "மேலேர்ந்து திணிக்கக் கூடாது. அவங்களே அவங்க தட்டுக்குக் குரல் குடுக்கணும்."

"நல்லாச் சொன்னீங்கம்மா," என்றாள் எரெனிசி, பிஸ்கட்டைக் காப்பியில் தோய்த்தபடி.

அப்படியாகப் பள்ளிக்கூடத்தில் 'உன் தட்டு, உன் குரல்' என்ற பயிற்சி முகாம் நடந்தது. கூட்டம் கூட்டுவது, ஓட்டெடுப்பது, கோஷம் எழுதுவது, எதிராளி பேசும்போது கையைத் தூக்கி 'ஒழுங்குப் பிரச்சினை' என்று மடக்குவது, எல்லாவற்றையும் எலோயிசா கற்றுக்கொடுத்தாள். எரெனிசியின் மகள் தைனாரா மூன்றாம் வகுப்புதான். ஆனால் அவளைத்தான் பிள்ளைகள் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். எரெனிசிக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ட இடத்தில் நின்று கண்டவரிடம் சொன்னாள்.

பரீட்சை நாளும் வந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் சங்கத்துப் பெண்கள் விடியலிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். செயலர் தாள்களோடு வந்து அமர்ந்தார். அப்போது வகுப்பறைகளிலிருந்து பிள்ளைகள் ஊர்வலமாக வந்தார்கள், பானை மூடியைத் தட்டிக்கொண்டு, 'எங்களைக் கேட்காமல் எங்கள் தட்டில் கை வைக்காதே' என்ற பதாகையோடு. எரெனிசிக்குக் கண் கலங்கிவிட்டது. எலோயிசா எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்தாள்.

பிள்ளைகள் முற்றத்தின் நடுவில் பூப்போட்ட துணியை விரித்தார்கள். அதன்மேல் வட்ட வட்டமாகப் பிஸ்கட்டை அடுக்கினார்கள். நடுவில் பிரிக்காத பொட்டலம் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்கள். பிறகு கைகோத்து, சங்கத்தின் பாட்டையே அட்சரம் பிசகாமல் பாடினார்கள். அடை என்று வருகிற இடத்தில் மட்டும் பிஸ்கட் என்று இருந்தது.

தைனாரா கையைத் தூக்கினாள். "ஒழுங்குப் பிரச்சினை. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து எங்க சமூகம் பிஸ்கட் சாப்பிட்டு வருது. அது எங்க பாரம்பரிய உணவு. எங்ககிட்டக் கேக்காம அத எடுத்துட்டுப் புது உணவு எதையும் திணிக்கக் கூடாது."

செயலர் எழுந்து நின்று கைதட்டினார். "மக்கள் இயக்கம்னா இதுதான். என் உத்தியோக காலத்துல இவ்வளவு தெளிவான கோரிக்கைய நான் பாத்ததில்ல."

பிறகு அடை பரிமாறப்பட்டது. தேங்காய்ப்பூ தூவி, வெண்ணெய் உருகி ஓட, சூட்டோடு வந்தது. பிள்ளைகள் தின்றார்கள். மறுபடி கேட்டார்கள். தட்டை நக்கினார்கள். கடைசி அடைக்கு இரண்டு பையன்கள் மண்ணில் உருண்டார்கள். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் அழுத முகத்தில் குறி போட்டார்கள். ஒருவன் அந்த முகத்துக்குக் கூடுதலாக இரண்டு சொட்டுக் கண்ணீரும் வரைந்து கொடுத்தான்.

எரெனிசி செயலரிடம் ஓடினாள். "ஐயா, தட்டப் பாருங்க. எல்லாம் காலி."

"பாத்தேம்மா. ஆனா தட்டக் கோப்புல சேக்க முடியாதே."

"அத்தனையும் தின்னாங்களே."

"தின்னது பசி. குறி போட்டது கருத்து. அரசாங்கம் ஜனங்களோட கருத்துக்குத்தான் மதிப்புக் குடுக்கணும்னு நீங்கதான மேளம் கொட்டினீங்க?"

கொட்டியது வாஸ்தவம். எரெனிசி காலித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, வீட்டுல அண்ணன்கூட சண்ட போட்டு அடை திங்கிற. அங்க எதுக்குடி அழுத மூஞ்சி போட்ட?"

"அது இயக்கத்து முடிவும்மா. ஓட்டெடுத்தோம்."

"உனக்கு அடை பிடிக்கலையா?"

"பிடிக்கும்."

"அப்புறம் என்ன கேடு?"

தைனாரா பொறுமையாகச் சொன்னாள். "அடை துணியில வைக்கறதும்மா. நீங்க சுத்தி நின்னு பாடுவீங்க. பாடி முடிச்சதும் என்ன சாப்பிடுவீங்க?"

எரெனிசி கையை ஓங்கினாள்.

"துணியில வச்ச அடைய நாய்தான் இழுத்துட்டுப் போகும், நானே பாத்திருக்கேன். பள்ளிக்கூடத்துலயும் அடை வந்துட்டா, அப்புறம் பிஸ்கட் திங்க நாங்களும் சங்கத்துலதான் சேரணும்."

அறைய ஓங்கிய கை பாதியில் இறங்கிவிட்டது. பிள்ளை பொய் சொல்லியிருந்தால் அறைந்திருக்கலாம். அன்று ராத்திரி எரெனிசிக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. மண்ணுக்குள் கிடக்கும் ஊரார் கிழங்கு கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னாள். "இன்னையிலேர்ந்து நம்ம கூட்டத்துல பிஸ்கட் கிடையாது. நாம தின்னாத்தான் பிள்ளைங்க தின்னும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஜெனில்டா மட்டும் தொண்டையைச் செருமினாள். "சரிதான் அக்கா. ஆனா இன்னைக்கு வாங்கிட்டமே. உணவ வீணாக்கறது நம்ம கொள்கைக்கே விரோதமாச்சே."

கொள்கையை யாரால் மீற முடியும்? தின்றார்கள். எரெனிசியும் தின்றாள். அதற்கடுத்த கூட்டத்திலும் அதே கொள்கை குறுக்கே வந்தது.

மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. கிழங்கு நாராகத் தொடங்குவதற்கு முன்னால் வியாபாரியின் லாரியை வரச்சொல்லி, அவன் வைத்ததே விலையென்று கொடுத்தார்கள். ஏற்றும்போது ஜெனில்டா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எரெனிசிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். லாரி தெற்கே போனது.

சில மாதங்கள் கழித்துச் செயலரே மாவுக்கூடத்துக்கு நேரில் வந்தார், பெட்டி பெட்டியாகப் பிஸ்கட்டோடு. பொட்டலத்தின்மேல் ஓலைத்தொப்பி போட்ட ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடித்திருந்தது தலைகீழாக. 'பெத்ரா மான்சா மண்ணின் மரவள்ளியில் செய்தது' என்று கீழே எழுதியிருந்தது.

"உங்க கிழங்குதான்," என்றார் செயலர். "உள்ளூர் விளைச்சல் பிள்ளைங்க தட்டுக்குப் போயாச்சு. சட்டம் முழுசா அமலாகிடுச்சு. வாழ்த்துகள்."

"இதுக்குப் பரீட்சை?"

"எதுக்கு? பிஸ்கட் பாரம்பரிய உணவு. மாவு மட்டுந்தான மாறியிருக்கு."

போராட்டத்தின் வெற்றியைக் கொண்டாட ஊரே கூடியது. எலோயிசா வந்தாள். பிள்ளைகள் வந்தார்கள். துணி விரித்தார்கள். போராடிப் பெற்ற பலன் என்பதால், ஏகமனதான தீர்மானத்தின்படி, இம்முறை நடுவில் பிஸ்கட் பொட்டலத்தையே வைத்தார்கள். செயலர் கொண்டுவந்த மற்ற பொட்டலங்களையும் ஒன்று விடாமல் சுற்றி அடுக்கினார்கள். பாட்டு வழக்கத்தைவிட உருக்கமாக இருந்தது.

இடைவேளை வந்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. இருந்த பிஸ்கட்டெல்லாம் துணியில் இருந்தது. துணியில் வைத்ததைத் தொடக் கூடாது. வேறு வழியில்லாமல் ஜெனில்டா முணுமுணுத்துக்கொண்டே அடுப்பை மூட்டி, வீட்டுக்கென்று வைத்திருந்த மாவில் அடை தட்டினாள்.

வாசனை கிளம்பியதும் வரிசை கலைந்தது. பிள்ளைகள் அடுப்பைச் சூழ்ந்தார்கள். எலோயிசா நுரை இல்லாமலே தின்றாள். செயலர் பதிவில் வராதபடி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தின்றார். நாய் வழக்கம்போலத் துணிக்குப் போய், ஒரு பொட்டலத்தை இழுத்துக் கிழித்து மோந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து அடுப்போரம் உட்கார்ந்தது.

தைனாரா முகவாயில் வழிந்த வெண்ணெயோடு செயலரிடம் போனாள். "ஐயா, இதப் பள்ளிக்கூடத்துல குடுக்கலாமே."

"குடுக்கலாந்தான் பாப்பா. ஆனா தோத்துப்போன உணவாச்சே. நீங்கதான தோக்கடிச்சீங்க?" செயலர் விரலை நக்கினார். "இனிமே அத உள்ள கொண்டுவரணும்னா முதல்லேர்ந்து போராடித்தான் ஆகணும்."

தைனாரா ஒரு நொடி யோசித்தாள். பிறகு கையைத் தூக்கிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். துணியிலிருந்த பொட்டலங்களை ஓரமாகத் தள்ளினார்கள், துணியை உதறினார்கள், மறுபடி விரித்தார்கள். அவள் கையில் பாதி கடித்த அடையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நடுவுல எத வைக்கறது?"

ஜெனில்டாவோடு சேர்ந்து அடை தட்டிக்கொண்டிருந்த எரெனிசி தலையைத் தூக்கினாள்.

"எத வேணும்னாலும் வை. அடைய மட்டும் வைக்காத."