மாப்பிள்ளை விட்டுப்போன ரெகுலேட்டர்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மூச்சுவிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்க்கும் நீங்கள், போன வாரம் கிளம்பும்போது, வாயில் கவ்வி மூச்சுவிடும் அந்த ரெகுலேட்டரையும் காற்று சிலிண்டரையும் என்னிடம் ஒப்படைத்து, "நல்ல தண்ணியில ஊறவச்சுக் காயப்போட்டாப் போதும் மாமா. ஊறும்போது அந்தப் பொத்தானை மட்டும் அமுக்கிடாதீங்க" என்றீர்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அப்படியொரு பொத்தான் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. ஆயுள் முழுக்கத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்த்த கை, அமுக்கிவிட்டது. குழாய்க்குள் தண்ணீர் புகுந்தது. சரி, காற்றைத் திறந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும் என்று சிலிண்டரில் மாட்டித் திருகினேன் பாருங்கள், பாம்புக் கூட்டமே சீறியதுபோல ஒரு சத்தம், கொடியில் கிடந்த துணியெல்லாம் பறக்கிறது, உங்கள் அத்தை காஸ் கசிகிறது என்று பயந்து அடுப்பை அணைத்து, "எல்லாரும் ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே படியிறங்க, மாடி மொத்தமும் தெருவில் நிற்கிறது, மேல்வீட்டு வக்கீல் ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு நுரையோடு.

உங்கள் சாமானைப் பழுதுபார்க்கும் டைவிங் கடை மெக்கானிக் அம்மாவுக்குப் போன் போட்டேன். "முதல்ல அதோட வாயைப் பொத்துங்க ஐயா" என்றார். பொத்தினேன். கப்சிப். "வாயைப் பொத்தினா சத்தம் நின்னுடுமா? இது தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்!" என்றாள் உங்கள் அத்தை, தெருவே கேட்க.

அப்போதே கடைக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஒரு தடவை மூச்சிழுத்துப் பார்ப்போமே என்று ரப்பரைக் கவ்வினேன். காற்று வந்தது. வெளியே இழுத்தேன், என் மேல்வரிசைப் பல்செட்டும் கூடவே வந்தது. இது அதை விடவில்லை, அது இதை விடவில்லை. சம்பந்திகள்கூட இவ்வளவு ஒட்டுதலாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்படியே கொண்டுபோய் நீட்டினால் மெக்கானிக் அம்மா, "நான் ரெகுலேட்டர் மட்டுந்தான் பாப்பேன், பல்லுக்கு வேற டாக்டர்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உள்ள ஈரம் நின்னு துரு பிடிச்சிருந்தா, உங்க மாப்பிள்ளைக்குக் கடலுக்கடியில மூச்சு வந்திருக்காது" என்றார். மாப்பிள்ளை, எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துடுங்கம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மொத்தத்தையும் பிரித்து, உலர்த்தி, வளையங்களையும் கவ்வும் ரப்பரையும் மாற்றி, தண்ணீரில் முக்கிக் காட்டினார். ஒரு குமிழிகூட இல்லை.

இனி உங்கள் சாமானில் என் நகம்கூடப் படாது. ரெகுலேட்டரை இன்றே பார்சலில் அனுப்புகிறேன். நம்பி வேலைக்குப் போகலாம். தண்ணீருக்கு மேலேயும் கீழேயும் நீங்கள் நீண்ட மூச்சோடு வாழ வாழ்த்தும்,

மாமனார்.

பின்குறிப்பு: பார்சல் வராது. நான் சணல் கயிறு தேடிப் போன நேரத்தில் உங்கள் அத்தை சிலிண்டரோடு குளியல் தொட்டியில் இறங்கி, ரெகுலேட்டரைக் கவ்விக்கொண்டு முங்கிவிட்டாள். தொட்டியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். தலையைத் தூக்கி, "உள்ள நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கலைங்க, என்ன நிம்மதி!" என்று சொல்லிவிட்டு மறுபடி முங்கிவிட்டாள். சிலிண்டரில் காற்று தீர்ந்தால் எங்கே அடைப்பார்கள் என்று உங்களிடம் விசாரிக்கச் சொல்கிறாள். உங்களுக்கு நீங்கள் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், எனக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.