வளையம் போட்ட நாற்பது

நகரம் முழுக்கக் காய்ச்சல் பரவ ஒரு மாதம் பிடித்தது. வளைய வைத்தியரின் புகழ் பரவ ஒரே நாள்தான். காய்ச்சல் ஒவ்வோர் உடம்பாக ஏற வேண்டுமே; புகழுக்கு வாய் போதும்.

அவர் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை வரிசை. செம்பு வளையம் மாட்டினால் காய்ச்சல் இறங்கிவிடுமாம். எங்கே இறங்கும் என்று யாரும் கேட்கவில்லை.

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் தங்கை, அந்த வரிசையில் தன் அக்காவைக் கண்டுபிடித்தாள். அக்காவின் தோளில் நான்கு வயது மகன். மூன்றாம் நாளாக உடம்பு அனலாய்ச் சுட்டது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வான்னு எத்தனை தடவை சொல்றது?"

"சும்மா இருடி. இங்க ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. அந்தப் பலகையைப் படி."

பலகையில் ஒரு மருத்துவ இதழின் பக்கம், ஆளுயரத்துக்கு. தலைப்பைக் காணோம், கத்தரி தின்றுவிட்டது. மஞ்சள் பூசிய வரியைத் தங்கை படித்தாள்: 'செம்பு வளையமிட்ட நாற்பதில் ஒன்றுக்குக்கூட மறுபடி காய்ச்சல் வரவில்லை.'

"ஒன்றுக்கா? ஏன்க்கா, நாம எப்போ அஃறிணை ஆனோம்?"

"இலக்கணம் பார்க்குற நேரமாடி இது!"

பக்கத்தின் அடியில் இதழின் பெயரும் தொகுதி எண்ணும் பொடி எழுத்தில் பிழைத்திருந்தன. கத்தரிக்குக் குனியச் சோம்பல் போலும். தங்கை நூலகத்துக்கு ஓடினாள். தொகுதியை உருவினாள், புரட்டினாள், அதை அணைத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினாள். அதற்குள் அக்காவின் முறை வந்துவிட்டது. பையனின் மணிக்கட்டை வைத்தியர் பிடித்திருந்தார்.

"ஐயா, அடுத்த பக்கத்தையும் படிச்சுக் காட்டுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"கண்ணாடி கொண்டுவரலம்மா."

"பரவாயில்ல, எங்கக்கா படிப்பா."

அக்கா எரிச்சலோடு வாங்கி உரக்கப் படித்தாள். "'அடையாளத்துக்காகக் காலில் செம்பு வளையமிட்ட நாற்பது வாத்துகளும்...' வாத்தா?" குரல் தணிந்தது. "'...காய்ச்சல் கண்ட நான்காம் நாள் இறந்தன.'"

"செத்ததுக்கு மறுபடி எப்படிக்கா காய்ச்சல் வரும்?"

அக்கா பையனை இறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியை நோக்கி ஓடினாள். வைத்தியரும் ஓடினார், பின்வாசல் வழியாக.

அக்காவின் பின்னால் விரைந்த தங்கையை, வளையம் போட்ட தையல்காரர் ஒருவர் மறித்தார்.

"ஏம்மா, வாத்துக்கே மாட்டியிருக்காங்கன்னா அதுல ஏதோ விஷயம் இருக்கும்ல?"

"வாத்துக்கு யோசிக்கத் தெரியாதுண்ணே, யாரோ பிடிச்சு மாட்டிவிட்டாங்க. யோசிக்கத் தெரிஞ்ச நீங்க, வரிசையில நின்னுல்ல மாட்டிக்கிட்டீங்க!"