பெயர் வைக்காத வேலை

“ஏன்னா, அந்த ஸ்பீக்கரை நிறுத்தப் போறேளா இல்லையா?” ரமா வந்து நின்றாள். “கீழ் வீட்டுப் பொண்ணு பிளஸ்ஸி அழறா. அவளோட ரெண்டு மாசக் குழந்தைக்கு நாலு நாளா தூக்கமே இல்லையாம்!”

தோத்தாத்ரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு நாளைக்கு முன்னால் சிட்லபாக்கம் ஃபிளாட்டுக்கு அந்த புரோகிராமை ஆசை ஆசையாக எழுதிக் கொடுத்தவரே அவர்தான். மாடித் தொட்டி நிரம்பினால் படிக்கட்டு ஸ்பீக்கர், “தொட்டி நிரம்பிவிட்டது” என்று சொல்லும். மோட்டாரை யாராவது போய் நிறுத்தும்வரை நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லும்.

“ஒரு நிமிஷ வேலை,” என்று லேப்டாப்பைத் திறந்தார். “தொட்டி ரொம்பினா யார் யாரைக் கூப்பிடணும்னு புரோகிராம்ல டெலிகேட்னு ஒரு லிஸ்ட் இருக்கு. அதுலேர்ந்து ஸ்பீக்கரை எடுத்துட்டா போச்சு.”

எடுக்க வரவில்லை. பெயர் சொன்னால்தான் லிஸ்டிலிருந்து நீக்க முடியும்; எழுதும்போது சோம்பல்பட்டு, ஸ்பீக்கரைப் பேசவைக்கும் அந்த மெதடுக்கு, அந்த நாலு வரிக்கு, அவர் பெயரே வைக்கவில்லை. அதே வரிகளை அட்சரம் பிசகாமல் மறுபடி எழுதி, ‘இதை நீக்கு’ என்றார். ‘இது வேறு ஆள்’ என்று கம்ப்யூட்டர் எதையும் நீக்கவில்லை. பதற்றத்தில் ‘நீக்கு’ போட வேண்டிய இடத்தில் ‘சேர்’ போட்டார். ஸ்பீக்கர் இரண்டு தரம் கத்தியது.

“பேர்கூட வைக்காம வேலைக்குச் சேர்த்துண்டா, எப்படிப் போகச் சொல்லுவேள்?” என்றாள் ரமா.

புரோகிராம் ஓடும் பெட்டியையே அணைத்துவிட வேண்டியதுதான். பெட்டி மோட்டார் ரூமில். சாவி வாட்ச்மேனிடம். கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அவரிடம், “தண்ணி பார்த்துக்கோங்க, வாட்ச்மேன்” என்று ஒப்படைத்துவிட்டு ஆபீஸ் போவது தோத்தாத்ரியின் ஆறு மாதப் பழக்கம்.

பால்கனியில் நின்று, “வாட்ச்மேன்!” என்று கத்தினார்.

எதிர் ஃபிளாட் வாட்ச்மேனும் பக்கத்து ஃபிளாட் வாட்ச்மேனும் எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னா சார்?”

“நீங்க இல்லப்பா, எங்க வாட்ச்மேன்!”

“அவர் பேரு இன்னா சார்? கூப்டு பாக்கறோம்.”

தோத்தாத்ரி ரமாவைப் பார்த்தார்.

“என்னைப் பார்த்தா? தினம் பேசறது நீங்கதானே!”

கீழே ஓடினார். தொட்டித் தண்ணீர் சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார், தோளில் ஒரு குழந்தையோடு.

“சாவியோட எங்கய்யா போனீர்? வேலை நேரத்துல யார் குழந்தையைத் தூக்கிண்டு—”

அவர் உதட்டில் விரல் வைத்தார். ரூமைத் திறந்து மோட்டாரை நிறுத்தினார். ஸ்பீக்கர் ஓய்ந்தது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கியது.

தோத்தாத்ரிக்கு மனசு கரைந்துவிட்டது. “தப்பு என்னோடது. ஆறு மாசமா வேலை வாங்கறேன், உங்க பேரைக்கூடக் கேட்கலை. சொல்லுங்கோ வாட்ச்மேன், உங்க பேர் என்ன?”

“காலேப் சார். வாட்ச்மேன் சாவிய எங்கிட்ட குடுத்துட்டு வேலைய வுட்டு நின்னு ஆறு மாசம் ஆவுது. நான் கீழ் வூட்டு ஓனரு, பிளஸ்ஸியோட அப்பா.”