இருபதாவது பியூஸ்

3.10.2011, திங்கள். இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். சோதனைக்கு வைத்திருந்த இருபது பியூஸ்களில் ஒன்றைக் கீழே தவறவிட்டேன். மேசைக்கடியில் படுத்துத் தேடியும் கிடைக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கடலூர் பட்டறையிலிருந்து சிதம்பரத்துக்கு, மாலை வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் செம்பியன் இதை எழுதினான். 'சிறிய' என்ற சொல்லை அடித்தான். யோசித்துவிட்டு மறுபடி எழுதினான். உண்மையில் தவறு அதோடு நிற்கவில்லை.

டெலிபோன் கருவிகளைக் காக்கும் பியூஸ் அது. மின்னல் இறங்கினால் அந்த ஒரு நொடி அடியைத் தாங்க வேண்டும். கரண்டுக் கம்பி அறுந்து டெலிபோன் கம்பிமேல் விழுந்தாலோ, உள்ளிருக்கும் மெல்லிய கம்பி உடனே எரிந்து அறுந்துவிட வேண்டும். மின்னலைத் தாங்குமா என்று சோதிக்கப் பட்டறையில் ஒரு மிஷின் இருந்தது. எல்லோரும் அதை மின்னல் மிஷின் என்பார்கள். இந்த ரிப்போர்ட் ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் வைத்திலிங்கம் சொல்லியிருந்தார்.

அன்று பகலில், மேசைமேல் இருந்த தட்டிலிருந்து எடுத்துப் பத்தொன்பதையும் மிஷினில் போட்டான். ஒவ்வொன்றும் பத்து அடி வாங்கியது. ஒன்றுகூட அசையவில்லை. ஒவ்வொன்றின் முனையிலும் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. மாதிரிக்கு வைத்த அடையாளம் என்று அதையும் குறித்துக்கொண்டான்.

ரிப்போர்ட்டில் இருபதாவது கட்டம் காலி. மறுநாள் அனுப்பவேண்டிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டான். முதல் அடியிலேயே 'டப்'. இன்னொன்று. அதுவும் டப். ஐந்து போனபின் தன் கைதான் சரியில்லை என்று முடிவுசெய்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆறாவதைப் போட்டான். டப்.

பெட்டியில் எண்ணிக்கை குறையக் கூடாதே என்று எரிந்த ஆறையும் அடியில் புதைத்தான். இருபதாவது கட்டத்தில் 'தாங்கியது' என்று எழுதினான்.

வகுப்பில் பக்கத்து பெஞ்சு ஸ்ரீமதியிடம் இதை யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னான்.

"பத்தொம்பது தாங்குச்சி, ஆறு வரிசையா போச்சா? பொய்க்கும் ஒரு அளவு வேணாமா?"

"நெசமாத்தான். என் ஃபிரெண்டு ஒருத்தன்..."

"ஒன் ஃபிரெண்ட நேரா போயி சொல்லிடச் சொல்லு. பாவம், அவனுக்கு காதெல்லாம் செவந்துபோச்சி."

மறுநாள் காலை, சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து பரிசோதகர் அமிர்தம் வந்தார். வைத்திலிங்கம் ரிப்போர்ட்டை நீட்டினார்.

"இருபதும் பாஸ் மேடம். பத்து அடி என்னா, நூறு மின்னல் அடிச்சாலும் அசையாது. நம்ம சரக்கு அப்பிடி!"

அமிர்தம் அனுப்பவிருந்த பெட்டியை மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் இருந்தவை மேலே வந்தன. ஒன்றை எடுத்து மீட்டரில் வைத்தார். அறுந்திருந்தது. இன்னொன்றும் அப்படியே.

"என்னா சார், அனுப்பறதுக்கு முந்தியே உசுரு போயிடுச்சி?"

செம்பியன் முன்னால் வந்தான். "மேடம், அது நான் எரிச்சது. நாந்தான் உள்ள ஒளிச்சி வச்சேன். இருபதாவது கட்டமும் பொய். பெட்டியில எடுத்த ஆறும் மொத அடியிலயே போயிடுச்சி."

"டேய், என்னாடா சொல்ற!" என்றார் வைத்திலிங்கம்.

"அப்ப மீதி பத்தொம்பது?" என்று கேட்டார் அமிர்தம்.

"அது சத்தியமா தாங்குச்சி மேடம்."

"பாத்தீங்களா மேடம்! சரக்கு தங்கம். இவன் கைதான் வெளங்காத கை. நாளையிலேருந்து இவன் இங்க வேணாம்."

செம்பியன் நிமிரவில்லை. சரியான தீர்ப்பு என்றே அவனுக்கும் பட்டது.

அப்போது பட்டறையைப் பெருக்கும் கொளஞ்சி, கையில் குங்கும டப்பாவோடு உள்ளே வந்தாள். பத்தொன்பது இருந்த தட்டைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டாள்.

"இது ஆயுத பூசைக்கு சாமி முன்னால வைக்கிற தட்டு தம்பி, நேத்து பழைய குங்குமத்தத் தொடச்சி ஒன் மேசையில காய வச்சேன். நெச பியூஸுல குங்குமம் ஒட்டுனா வாங்குற பார்ட்டி திருப்பி அனுப்புறாங்கன்னு மேனேஜர் சார்தான் உள்ள கெட்டி செம்புக்கம்பி வச்சி இருபது பண்ணச் சொன்னாரு. அதுல ஒண்ணக் காணுமே?"

4.10.2011, செவ்வாய். பெட்டிகள் எதுவும் போகவில்லை. என்னை வேண்டாம் என்று சார் மறுபடி சொல்லவில்லை. பூஜைக்கு வரச் சொன்னார். நாளை ஆயுத பூஜை, மிஷினைத் தொடக் கூடாது. நாளைய வேலை: மேசைக்கடியில் படுத்து, கொளஞ்சி அக்காவுக்கு இருபதாவதைத் தேடிக் கொடுப்பது.