என்ஜினுக்கு வியர்க்கக் கூடாது

உலகில் கருணை வற்றிவிட்டது என்று புலம்புகிறவர்கள் டர்போ சாரைப் பார்த்ததில்லை. ஓர் உயிர் சூடான காற்றைச் சுவாசிக்கிறது என்று தெரிந்ததும் சோறு தண்ணி இறங்காமல் தவித்த மனிதர் அவர். அந்த உயிர் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் கருணையின் மதிப்பு குறைந்துவிடாது.

சுகாதார அலுவலகத்தில் அவருக்குப் பெரிய பதவி. 'கோடையில் முதியோரைக் குளிர்ச்சியாக வைத்திருத்தல்' என்ற சுற்றறிக்கை அவர் கையெழுத்தோடுதான் ஊரெல்லாம் போனது. ஆனாலும் அலுவலகத்தில் அவரை யாரும் பதவி சொல்லிக் கூப்பிடுவதில்லை. காரின் பெயரால் 'டர்போ சார்' என்றே அழைத்தார்கள். அவரும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

டர்போ என்பது காற்றை அமுக்கி என்ஜினின் வாயில் திணிக்கிற சாதனம். அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்றை இழுத்தால் என்ஜின் சோர்ந்துபோகும். நடுவில் நின்று அந்தக் காற்றைக் குளிரவைக்கிற அலுமினியப் பெட்டிதான் இன்டர்கூலர். கம்பெனிக்காரன் டிபன் பாக்ஸ் அளவில் ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தான். அது போதாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டர்போ சாருக்கு ஞானோதயம் ஆயிற்று.

"ஏங்க, மாடி ரூம் கொதிக்குது. மாமா ராத்திரி பூரா தூங்கல" என்றாள் மனைவி, அதே ஞாயிற்றுக்கிழமை.

"அடடா!" என்று உருகினார் டர்போ சார். "எத்தனை டிகிரி இருக்கும்?"

"அளந்து பாக்கலைங்க."

"அளக்காம எப்படி ஒரு முடிவுக்கு வர்றது? வண்டியப் பாரு. உள்ள போற காத்து அறுபது டிகிரி. அதுக்கு மட்டும் வாய் இருந்தா அழும்."

டர்போ சாரின் அப்பாவுக்கு வாய் இருந்தது. அழவில்லை, அதுதான் அவர் செய்த பிழை. எண்பதை நெருங்கியவர், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், மொட்டை மாடிக்கு நேர் கீழே அவர் அறை. அந்த வீட்டில் ஏசி இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான்: கார் ஷெட்டில். வெயிலில் ரப்பர் குழாய்கள் வெடித்துவிடக் கூடாதல்லவா?

"மாமாவ ஷெட்ல படுக்க வைக்கலாமே" என்று மனைவி கேட்டதும் டர்போ சார் பதறிவிட்டார். "பெட்ரோல் வாடை அவருக்கு ஆகாதும்மா!" பெற்றவர் மேல் அவ்வளவு அக்கறை.

புது இன்டர்கூலர் வந்து இறங்கியது. கட்டிலின் தலைப்பலகை அளவு இருந்தது. காரின் மூக்குக்குள் அது நுழைவதாக இல்லை. உடனே 'பழம்பெரும் டர்போ வாகன உரிமையாளர் நலச் சங்க'த்தின் பொதுக்குழு ஷெட்டில் கூடியது. தலைவர் ஒரு பல் டாக்டர். செயலாளர் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். டர்போ சாரையும் சேர்த்து பொதுக்குழு அவ்வளவுதான்.

"முன் பம்பர் கடவாய்ப் பல்லு மாதிரி. இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. புடுங்கிடலாம்" என்றார் தலைவர். பிடுங்கினார்கள். அப்புறம் ஹாரன் போனது. அதன் பிறகும் ஒரு சாண் இடித்தது. காரின் ஏசியைக் கழற்றினால் சரியாக உட்காரும் என்று தெரிந்தது.

"உள்ள உக்கார்றவங்களுக்கு வேர்க்குமே?" என்றார் செயலாளர்.

"உக்கார்றவங்க முக்கியமா, வண்டி முக்கியமா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சோதனை நாள் வந்தது. என்ஜின் ஓடினால் புகை வரும் என்பதால் ஷெட்டின் கதவுகளைத் திறந்துவைத்து, ஏசியை அணைத்தார்கள். ஓடுகிற காருக்கு எதிர்க்காற்று கிடைக்கும். நிற்கிற காருக்கு யார் கொடுப்பது? பெரிய மின்விசிறி ஒன்று வேண்டும். வீட்டில் பெரிய மின்விசிறி ஒன்றுதான் இருந்தது. டர்போ சார் மாடிக்குப் போனார்.

"அப்பா, கொஞ்ச நேரத்துக்கு ஃபேன் வேணும். சங்கத்து வேலை."

"எடுத்துட்டுப் போப்பா. நானும் கூடவே வந்துடறேன். அது எங்க சுத்துதோ அங்க உக்காந்துக்கறேன்."

அப்படியே வந்து, மின்விசிறிக்கும் காருக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு, காரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சங்கம் அவரைப் 'பார்வையாளர்' என்று அங்கீகரித்தது.

தலைவர் மின்விசிறிக்குப் பின்னால் நின்று, தொடாமலே சூட்டை அளக்கிற துப்பாக்கியை இன்டர்கூலரை நோக்கி நீட்டினார்.

"முப்பத்தெட்டு புள்ளி ஆறு."

ஷெட்டில் துக்கம் பரவியது. முப்பத்து நாலுக்கு மேல் போகவே கூடாது.

"எங்கயோ காத்து கசியுது" என்றார் செயலாளர். குழாய்களின் கிளிப்பெல்லாம் முறுக்கப்பட்டன.

"முப்பத்தொன்பது!"

"தம்பி, எனக்கு ஒரு மாதிரியா வருதுப்பா" என்றார் அப்பா.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா. நம்பர் வேற ஏறிட்டே போகுது" என்றார் டர்போ சார். அவர் குரல் தழுதழுத்தது.

"முப்பத்தொன்பது புள்ளி நாலு! போலி சரக்க உங்க தலையில கட்டிட்டான் சார். கேஸ் போடணும்."

வழக்குப் போடுவது பற்றிய விவாதம் சூடுபிடித்த நேரத்தில் மனைவி வேலையிலிருந்து திரும்பினாள். பொதுக்குழு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒருத்திதான் துப்பாக்கியின் சிவப்புப் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தாள். அது அப்பாவின் பிடரியில் விழுந்திருந்தது.

"டாக்டர், நீங்க இவ்வளவு நேரமா அளந்தது மாமாவ."

டர்போ சாரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படின்னா இன்டர்கூலர்ல எந்தக் கோளாறும் இல்ல!"

மனைவி அவரைப் பார்த்த பார்வையை அளக்கச் சங்கத்தில் கருவி இல்லை. அப்பா நாற்காலியில் சரிந்துகொண்டிருந்தார்.

"வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"பம்பர் இல்லாம எப்படிம்மா ரோட்டுல..."

அவள் டாக்ஸி பிடித்துப் போய்விட்டாள்.

வெப்பத் தாக்கம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தேறியபின் வீட்டுக்கு அனுப்பும்போது மனைவி கையில் ஒரு தாளைக் கொடுத்து, இதில் உள்ளபடி செய்யுங்கள் என்றார். கோடையில் முதியோரைக் குளிர்ச்சியாக வைத்திருத்தல். கீழே கணவரின் கையெழுத்து. அந்தச் சுற்றறிக்கையை ஊரில் முதன்முதலாக நிறைவேற்றியவள் அவள்தான். பக்கத்து வீட்டார் நாலு பேரைக் கூப்பிட்டுக் காரைத் தெருவுக்குத் தள்ளினாள். வாடை போக ஷெட்டைக் கழுவினாள். அப்பாவின் கட்டிலைப் போட்டு ஏசியைப் போட்டாள்.

நடுப்பகல். தெருவில் டர்போ சார் காருக்குக் குடை பிடித்தபடி நின்றார். அவர் மண்டை காய்ந்துகொண்டிருந்தது.

"டேய்" என்று ஷெட்டின் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார் அப்பா. "உள்ள வாடா. கட்டில்ல இடம் இருக்கு."

"வேணாம்பா. வண்டி தனியா இருக்கு."

அப்பா மருமகளிடம் சொன்னார்: "அந்த ஃபேன அவன்கிட்ட கொண்டு போய் வைம்மா. புள்ளைக்கு வேர்க்குது."

"நீங்க சும்மா இருங்க மாமா" என்று கடிந்துகொண்டாலும், ஒயரை இழுத்து, மின்விசிறியைத் தெருவில் வைத்து, கணவர் முகத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டுப் போனாள்.

டர்போ சாருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னலம் என்பதே அறியாத மனிதர் அவர். அப்பா கொடுத்தனுப்பிய காற்றில் ஒரு மூச்சுகூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. மின்விசிறியை இன்டர்கூலர் பக்கம் திருப்பி வைத்தார்.