முதுகுப் பை நிர்ணய சபை

மகாயுத்தம் முடிந்தபோது ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நாடுகளைப் பங்கு வைத்தார்கள். பத்திரிகைகள் அதைப் பக்கம் பக்கமாக எழுதின. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூறு, அதாவது இங்கிலீஷ் 1925, வைகாசி ஆனி மாதங்களில் அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மச்சில் கூடி, ஐந்து வாரம் ஆலோசித்து, ஒரு பையைத் தீர்மானித்த மகாசபையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. எது பெரிய காரியம் என்று பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்தால்தானே! ஆகையால் நான் எழுதுகிறேன்.

என் பெயர் கோலப்பபிள்ளை. சபையில் எனக்குக் காரியதரிசி உத்தியோகம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் கிடைத்தது. பையைச் சுமக்க வேண்டிய வள்ளிநாயகம் என் மகன்தான். இருந்தாலும் சபையில் எனக்கு வோட்டு கிடையாது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களாகிய எங்களுக்கு மருமக்கள் வழி. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். ஆகவே என் பிள்ளைகள் விஷயத்தில் அதிகாரம் என் மனைவி பார்வதியம்மாளின் அண்ணன், என் அத்தான் ஆறுமுகப்பெருமாள் பிள்ளைக்கு. நான் என்னுடைய சகோதரி பிள்ளைகளை அதிகாரம் பண்ணிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. எனக்குச் சகோதரி இல்லை. இதனால் ஊரில் நான் பரம சாது என்று பெயர் வாங்கியிருந்தேன்.

மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது தம் மோட்டார் சைக்கிளை விற்றார். அத்தான் அதை வாங்கி மருமகனுக்குக் கொடுத்தார். பள்ளிக்கூட இறுதிப் பரீட்சையின் மீது மூன்று முறை படையெடுத்து, மூன்றாவது முறை வள்ளிநாயகம் வெற்றி பெற்றிருந்தான். அவன் தங்கை உலகம்மை அதே வருஷம் ஒரே தடவையில் தேறிவிட்டாள், அதுவும் முதலாவதாக. படையெடுக்கும் வீரம் பெண்களுக்கு ஏது?

கோட்டாறில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள் அவள். சித்தி குடும்பம் இப்போது திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. நாகர்கோவில் காலேஜ் ஒன்றில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனி இருபதாம் தேதிக்குள் பெயர் பதிய வேண்டும். ஊரிலிருந்து பத்து மைல். உழவு நாளில் வில்வண்டி மாடுகள் தினமும் கிடைக்காது. வள்ளிநாயகத்தின் பெயரை அத்தான் முதல் நாளே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். உலகம்மை தன் விண்ணப்பத்தைத் தானே எழுதி மாமாவிடம் நீட்டினாள்.

“முதல்ல அவனுக்குப் புஸ்தகம் வைக்க பை வாங்குக காரியம் முடியட்டு மக்கா,” என்றார் அத்தான். “ரெண்டு காரியத்த ஒண்ணாப் பிடிச்சா ரெண்டும் சீரழியும்.”

“பை வாங்க எத்தன நாளாவும் மாமா?”

“வாங்கதுக்கு ஒரு நாளு போரும். தீர்மானிக்காண்டாமா?”

அப்படிக் கூடியதுதான் சபை. தலைவர் அத்தான். மற்றொரு அங்கத்தினர் பகவதியப்பபிள்ளை. பார்வத்தியகாரராக முப்பது வருஷம் வரி பிரித்து ஓய்வு பெற்றவர், நம்பர் போடாமல் தும்மக்கூட மாட்டார். வள்ளிநாயகம் ‘விசேஷ அழைப்பாளர்’. பெரும்பாலும் தூங்கினான்.

முதல் கூட்டத்தில் நான்கு பைகள் விசாரணைக்கு வந்தன. ஒன்று, மஞ்சள் துணிப்பை: கல்யாண வீட்டிலிருந்து தாம்பூலத்தோடு வருகிறவன் என்று காலேஜில் நினைப்பார்கள், தள்ளுபடி. இரண்டு, ஓலைப்பெட்டி: மோட்டாரில் போகிறவன் கருப்பட்டி விற்கப் போகிறான் என்பார்கள், தள்ளுபடி. மூன்று, தோல்பை.

“தோலு வீட்டுக்குள்ள வரப்பிடாது,” என்றார் அத்தான்.

“உம்ம செருப்பு?” என்று பகவதியப்பபிள்ளை கேட்டார்.

“அது வெளிய கிடக்கும்.”

“அப்பொ பையும் வெளிய கிடக்கட்டு.”

“புஸ்தகம் சரஸ்வதில்லாவே! சரஸ்வதிய செருப்புக்குப் பக்கத்துல கிடத்தச் சொல்லுகேரா?”

சரஸ்வதியின் மேல் இருந்த பக்தியால் தோல்பையும் தள்ளுபடி. நான்காவது இரும்பு டிரங்குப் பெட்டி. அது பையே அல்ல என்று கண்டுபிடிக்க மட்டும் இரண்டு கூட்டம் ஆயிற்று. விடாப்பிடியான ஆராய்ச்சி என்றால் அதுதான்.

பத்து நாள் கழிந்தது. உலகம்மை மச்சுக்குக் காப்பி கொண்டுவரும்போதெல்லாம் என் நோட்டை எட்டிப் பார்ப்பாள். “இன்னிக்கு எம்மட்டும் வந்திருக்கு அப்பா?” என்பாள். “டிரங்குப் பெட்டி வரைக்கும்,” என்பேன்.

பிறகு சபை ‘ஸ்தல பரிசோதனை’க்காகக் கோட்டாறுக்கு வண்டி கட்டியது. அங்கே ததேயுஸ் என்பவர் பட்டாளத்துச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். யுத்தத்தில் மெசபடோமியா வரை போய்வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு காக்கிப் பையை எடுத்துவந்து தட்டிக் காட்டினார்.

“இது முதுகுல மாட்டுக பை அண்ணாச்சி. ரெண்டு தோளுலயும் வாரப் போட்டா கை ரெண்டும் சும்மா கிடக்கும். மோட்டார் ஓட்ட இதவிடத் தோதான பை கெடையாது. நான் இதப் போட்டுக்கிட்டு ஒரே நாள்ல இருவது மைலு நடந்திருக்கேன்.”

வள்ளிநாயகம் மாட்டிக்கொண்டான். கன கச்சிதம். இரண்டு கையையும் ஆட்டிக் காட்டினான். ஐந்து வாரத்தில் அவன் முகத்தில் நான் கண்ட ஒரே மலர்ச்சி அதுதான். பணத்தைக் கொடுத்திருந்தால் அன்று மத்தியானமே காரியம் முடிந்து, உலகம்மையின் விண்ணப்பம் மறுநாள் எடுபட்டிருக்கும். ஆனால் எங்கள் தலைவர் அவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவரா? மருமகனைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்து, முதுகுப் பக்கம் நின்றுவிட்டார்.

“இது சுமடுல்லாவே!”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் குடும்பத்து ஆண்கள் சுமை தூக்குவதில்லை. குடை பிடிக்க ஓர் ஆள், வெற்றிலைச் செல்லம் எடுக்க ஓர் ஆள் வருவார்கள். அத்தானுக்கு முந்திய காரணவர், அதாவது குடும்பத் தலைவர், ஒருநாள் கோயிலில் கொடுத்த தேங்காய் மூடியைத் தாமே வீடுவரை கொண்டுவந்தார் என்று ஒரு வதந்தி உண்டு. குடும்பம் அதை இன்றுவரை மறுத்துவருகிறது.

“உள்ள இருக்கப் போறது புஸ்தகந்தானே அண்ணாச்சி? படிப்ப அல்லவா சுமக்கப் போறான்,” என்றார் ததேயுஸ்.

“படிப்பு தலைக்குள்ள இருக்கணும். முதுகுல இருந்தா அதுக்குப் பேரு கூலி வேல.”

“அப்பொ தலைக்குள்ள எப்பிடிப் போவும்?”

“அத வாத்தியாரு பாத்துக்கிடுவாரு,” என்று சொல்லி அத்தான் வண்டியில் ஏறிவிட்டார்.

இனி கேள்வி எந்தப் பை என்பதல்ல, யார் முதுகு என்பது. சபை பையை ‘தற்காலிகமாக’ ஒத்திவைத்து முதுகை எடுத்துக்கொண்டது. வயலில் வேலை செய்கிற ஓர் ஆள் காலை ஆறு மணிக்குப் பையோடு நடந்து கிளம்புவது, வள்ளிநாயகம் ஒன்பதரைக்கு மோட்டாரில் கிளம்புவது, இரண்டு பேரும் காலேஜ் வாசலில் சந்திப்பது என்று ஒரு திட்டம் உருவாயிற்று.

“அதுக்கு மோட்டார் என்னத்துக்குவே? ரெண்டு பேரும் சேந்து நடந்துரலாமே,” என்றார் பகவதியப்பபிள்ளை.

“மோட்டார் இவன் போறதுக்கு. நட, பை போறதுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேயும்.”

தள்ளுபடியான மஞ்சள் துணிப்பையை வைத்து ஒத்திகை நடந்தது. ஆள் வழியில் கஞ்சி குடிக்க உட்கார்ந்துவிட்டார். வள்ளிநாயகம் காலேஜ் வாசலில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். பை சாயங்காலம் வந்தது. காலேஜ் இன்னும் திறக்கவில்லையாகையால் கல்விக்கு நஷ்டமில்லை. ஆனால் இதிலேயே மூன்று வாரம் போய்விட்டது.

ஆனி பதினேழாம் தேதி. சபை முதுகுப் பிரச்சினையில் முட்டிக்கொண்டு நின்றது. உலகம்மை காப்பித் தம்ளர்களை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“மாமா, மோட்டாருக்குப் பின்னால ஒரு சீட்டு சும்மாத்தானே கிடக்கு?”

“கிடக்கு. அதுக்கென்னட்டி?”

“நான் அதுல இருந்துக்கிடுதேன். பைய என் மடியில வச்சிக்கிடுதேன். அண்ணன் சுமக்காண்டாம், ஆளும் நடக்காண்டாம். காலேஜுல அவனும் இறங்குவான், நானும் இறங்குவேன். இருவதாந் தேதிக்கு இன்னும் மூணு நாளு இருக்கு.”

ஐந்து வாரமாகச் சபை தேடிய விடை ஒரே மூச்சில் வந்து விழுந்தது. இதைவிடப் பெரிய அவமானம் ஒரு சபைக்கு வரக்கூடாது. பகவதியப்பபிள்ளைதான் முதலில் சுதாரித்தார்.

“நம்பர் ஒண்ணு. ஒரு சமஞ்ச பிள்ள ஒரு ஆம்பிளைக்குப் பின்னால மோட்டார்ல போனா, பாக்கவன் என்ன சொல்லுவான்?”

“அவன் எனக்க கூடப்பிறந்தவன்லா?”

“அது நமக்குத் தெரியும் மக்கா. வழியில நிக்கவனுக்குத் தெரியுமா?”

“அப்பொ, அண்ணனும் தங்கச்சியும்னு ஒரு பலகையில எழுதி மாட்டுங்க. அப்பாக்க கையெழுத்துதான் நல்லா இருக்குமே.”

வள்ளிநாயகம் விழித்துக்கொண்டு, “எனக்குச் சம்மதந்தான் மாமா. பரீட்சைக்கும் தோதா இருக்கும்,” என்றான். விசேஷ அழைப்பாளர்களுக்குப் பேச்சுரிமை இல்லை என்று அவனுக்கு நினைவூட்டப்பட்டது. மாடிப்படியில் நின்றிருந்த பார்வதியம்மாள், “அவ சொல்லுகதுல என்ன குத்தம் அண்ணே? நம்ம பிள்ளைகதானே?” என்றாள். “நீ அடுக்களையப் பாரு,” என்றார் அத்தான். எங்கள் சமுதாயத்தில் வம்சம் பெண் வழி, சொத்து பெண் வழி. அவளும் அடுக்களைக்குப் போகும் வழியில் இறங்கிப் போனாள்.

அப்போது ஒரு சரித்திர சம்பவம் நடந்தது. அத்தான் என் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள, நீரு தகப்பன். நீரு என்ன சொல்லுகேரு?”

கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘போகட்டும் அத்தான்’ என்று சொன்னால் போதும், இரண்டே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இவ்வளவு பெரிய கௌரவத்தைக் கொடுத்த மனிதரிடம், கொடுத்த உடனே மாறுபடுவது மரியாதையா? நான் பேனாவைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:

“பைக்கு என்ன நெறம்னு இன்னும் தீர்மானிக்கல்லியே அத்தான்?”

சபைக்கு உயிர் வந்தது. “பாத்தேராவே, மாப்பிள எப்பிடிக் காரியத்துல கண்ணா இருக்காரு!” என்று அத்தான் என் தோளைத் தட்டினார். உலகம்மை காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் அவளைப் பார்க்காமல் பேனாவை மையில் தோய்த்தேன். அதை நோட்டில் எழுத இடமில்லை. நிறத்தைப் பற்றிய விவாதம் சாயங்காலம்வரை நடந்தது.

ஆனி இருபதாம் தேதி சபை இறுதித் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. காக்கி நிறத்துப் பையையே வாங்குவது. ஆனால் அதை எவர் முதுகிலும் ஏற்றாமல், மோட்டாரின் பின்சீட்டில் ‘அமர்த்துவது’. விழாமல் இருக்க இரண்டு கச்சைகளால் கட்டுவது. வெயில் படாமல் மேலே ஒரு பட்டுத்துணி போர்த்துவது. பின்சீட்டு இனி பைக்கு உரியது, வேறு யாரும் அதற்கு உரிமை கோரக் கூடாது என்று ஒரு பிரிவையும் பகவதியப்பபிள்ளை சேர்த்தார். நான் வாசித்துக் கையெழுத்துப் போட்டபோது கீழே கடிகாரம் ஐந்து அடித்தது. காலேஜில் பெயர் பதியும் அறையை அந்நேரம் பூட்டியிருப்பார்கள். உலகம்மை முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காலேஜ் திறந்த அன்று நல்ல நேரம் பார்த்துப் பைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பின்சீட்டில் ஏற்றினார்கள். ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் நாள் வள்ளிநாயகம் ஒரு முறையீட்டோடு வந்தான்: புத்தகங்களின் கனத்தில் பை ஒரு பக்கமாகச் சாய்கிறது, வண்டியும் சாய்கிறது. சபை அவசரமாகக் கூடிப் புத்தகங்களை எடுத்து அத்தானின் பெட்டியில் வைத்துப் பூட்டியது. பை மட்டும் தொளதொளவென்று போனால் குடும்பத்துக்குக் குறைவல்லவா? அதற்காக உள்ளே வைக்கோல் திணிக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல், மழையானாலும் பட்டுத்துணி போர்த்து, எங்கள் வீட்டு வைக்கோல் காலேஜுக்குப் போய்வந்தது.

இவ்வளவு சிறப்பான நடவடிக்கைகளைச் சுத்தப் பிரதி எடுத்து, அட்டை போட்டு, சபையில் வைக்கத் தயாராக வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் உலகம்மை அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தாள். காலேஜுக்குப் போயிருந்தால் அப்படித்தான் வாசித்திருப்பாள்.

“எல்லாரும் பேசினது இருக்கு. நான் பேசினதும் இருக்கு,” என்றாள். “நீங்க பேசினதக் காணல்லியே அப்பா?”

“நான் எழுதிக்கிட்டுல்லா இருந்தேன் மக்கா.”

அவள் நோட்டை மூடி, பத்திரமாக என் கையில் கொடுத்தாள்.

“அப்பொ நான் மாமாவ ஏசினது தப்பு. மாமா பேசத்தானே செஞ்சாரு? என்னக் காலேஜுக்கு விடாண்டாம்னு எழுதினது நீங்கல்லா!”